மாநாட்டில் ஒரு கூடிப் பேசும் அமர்வு: அதைக் கேட்டு வாங்குவது எப்படி?

போன மாதம் ஆய்வு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “மேடம், பேப்பர் இல்லாமலே மாநாட்டில் ஒரு செஷன் வாங்கலாமாமே, நிஜமா?” என்று கேட்டாள். அவள் கையில் இருந்த அறிவிப்பில் ‘பாஃப் அமர்வுகளுக்கு முன்மொழிவுகள் வரவேற்கப்படுகின்றன’ என்று ஒரு வரி இருந்தது. அது என்ன என்று அவள் விசாரித்ததில் ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். நிராகரிக்கப்பட்ட பேப்பரை வாசிக்க இன்னொரு வழி என்று ஒருவர். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டு அரட்டை அடிப்பது என்று இன்னொருவர். பெரிய பேராசிரியர்கள் மட்டும் நடத்துவது என்று மூன்றாமவர்.

மூன்றும் தவறு. ஆனால் கல்லூரி வட்டாரத்தில் இந்த மூன்றும்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஒரு நல்ல வசதி நம் மாணவர்களுக்குப் பயன்படாமலே போகிறது. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வாய்க்கால் கூட்டம்

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறப்பார்கள் என்றால், அதற்கு முன்பே ஊர்களில் பேச்சு தொடங்கிவிடும். ஒரே வாய்க்காலில் பாசனம் செய்கிறவர்கள் கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ உட்காருவார்கள். எந்த இடத்தில் தூர்வார வேண்டும், வீட்டுக்கு எத்தனை ஆள் அனுப்புவது, மேல்மடைக்கு எத்தனை நாள், கடைமடைக்கு எத்தனை நாள் என்று பேசுவார்கள். மைக் கிடையாது, மேடை கிடையாது, மாலை மரியாதை கிடையாது. யாரும் எழுதி வைத்துப் படிப்பதில்லை.

ஆனால் அது ஒழுங்கில்லாத பேச்சும் இல்லை. யாரோ ஒருவர் நாளும் நேரமும் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். பேச வேண்டிய விஷயம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்த வாய்க்காலில் நிலம் உண்டு, அதாவது பிரச்சினை அவர்களுடையது. எழுந்து போகும்போது ஏதாவது ஒன்று முடிவாகியிருக்கும். குறைந்தபட்சம், அடுத்து எப்போது உட்காருவது என்றாவது முடிவாகியிருக்கும்.

இதைப் பொதுக்கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒருவர் பேசுவார், நூறு பேர் கேட்பார்கள். டீக்கடைப் பேச்சில் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் எதற்கும் யாரும் பொறுப்பில்லை. வாய்க்கால் கூட்டம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மாநாட்டில் ஆய்வுக் கட்டுரை வாசிப்பது பொதுக்கூட்டம் மாதிரி. இடைவேளையில் நடப்பது டீக்கடைப் பேச்சு. நாம் பேசப்போகும் அமர்வு வாய்க்கால் கூட்டம்.

இந்தக் கட்டுரையில் இனிமேல் இதைக் கூடிப் பேசும் அமர்வு என்றே சொல்கிறேன். ஒரே கேள்வியில் அக்கறை உள்ளவர்கள் மாநாட்டுக்குள் ஓர் அறையில், குறித்த நேரத்தில் உட்கார்ந்து, சரிசமமாகப் பேசிக்கொள்வது. அவ்வளவுதான் இதன் பொருள்.

பெயர் எங்கிருந்து வந்தது?

‘பாஃப்’ என்பது ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். ஒரே மாதிரி இறகுள்ள பறவைகள் ஒன்றாகச் சேரும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. இனம் இனத்தோடு சேரும் என்று நாம் சொல்வதுதான். கணினித் துறை மாநாடுகளில் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1988-இல் தொடங்கிய சூப்பர்கம்ப்யூட்டிங் மாநாட்டில் ஆண்டுதோறும் இப்படிப் பல அமர்வுகள் நடக்கின்றன. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலைப் பற்றிப் பேசுவதும் அங்கே ஒரு பாஃப் அமர்வில்தான். வேறு துறைகளில் வட்டமேசை, கலந்துரையாடல், சிறப்பு ஆர்வக் குழுக் கூட்டம் என்று பெயர் மாறும். உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறை உண்டு. கோடியக்கரைக்குப் பனிக்காலத்தில் போயிருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரே சேற்றில் பூநாரையும் இரை தேடும், உள்ளானும் இரை தேடும். ஒவ்வொன்றுக்கும் அலகு வேறு, கால் உயரம் வேறு, எட்டும் ஆழம் வேறு. என் அனுபவத்தில் நல்ல அமர்வு என்பது இப்படித்தான். ஒரே இறகு உள்ளவர்கள் கூடினால் தெரிந்ததையே திரும்பப் பேசிக்கொள்வார்கள். சேறு ஒன்றாக இருந்து, அலகு வேறுவேறாக இருந்தால்தான் பேச்சு நகரும்.

ஏன் இதற்குத் தனியாக இடம் வேண்டும்?

ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1983-இல் 250 பேர் கலந்துகொண்ட ஒரு பன்னாட்டு மாநாட்டை நடத்தினார். அதற்காக ஓராண்டு உழைத்தார். முடிந்த பிறகு பார்த்தால், வந்தவர்களுக்கும் அவருக்கும் மிகவும் பயன்பட்டது காபி இடைவேளைதான் என்று தெரிந்தது. காபி இடைவேளையில் இருக்கும் உயிர்ப்பை முழுக் கூட்டத்துக்கும் கொண்டுவர முடியுமா என்று யோசித்து, 1985-இல் ‘திறந்தவெளி’ என்று ஒரு கூட்ட முறையை உருவாக்கினார். நிகழ்ச்சி நிரலை வந்தவர்களே அன்று காலையில் எழுதிக்கொள்வார்கள். ஓர் இடத்தில் நீங்கள் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் எழுந்து வேறு வட்டத்துக்குப் போய்விடலாம். அதைத் தப்பாக நினைக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி.

நம் கருத்தரங்குகளை நினைத்துப் பார்க்கிறேன். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை முடியவே பதினொன்றரை ஆகிவிடும். அப்புறம் ஆளுக்குப் பத்து நிமிடம் கட்டுரை வாசிப்பு. கேள்விக்கு நேரம் இருக்காது. சான்றிதழோடு வீட்டுக்குப் போகிறோம். இதில் மாணவர்கள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. பேச இடம் கொடுக்காத கூட்டத்தில் அவர்கள் வேறு எதை எடுத்துக்கொண்டு போவார்கள்?

அதுவும் நம் பகுதியில் இது பெரிய இழப்பு. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ‘ஏடிடி’ என்று தொடங்கும் ரகங்கள் அங்கே பிறந்தவை. தஞ்சாவூரில் 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது. திருவாரூரில் 2009-இல் மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. திருச்சியில் வாழை ஆராய்ச்சி மையம், பொறியியல் கல்வி நிறுவனங்கள். எல்லாம் அரை நாள் பயணத்துக்குள்தான். ஒரே ஆற்றையும் ஒரே மண்ணையும் பற்றி வேலை செய்கிறவர்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரிவதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: கூடிப் பேசும் அமர்வு என்பது மாநாட்டுக்குள் நடக்கும் வாய்க்கால் கூட்டம். இடைவேளைப் பேச்சின் உயிர்ப்பு அதில் இருக்க வேண்டும். ஆனால் கூப்பிட்டவர் ஒருவர், விஷயம் ஒன்று, முடிவு ஒன்று இருந்தாக வேண்டும்.

அரட்டைக்கு எதற்கு விண்ணப்பம்?

மாணவியின் அடுத்த கேள்வி இதுதான். முறைசாராத பேச்சு என்கிறீர்கள், அதற்கு எதற்கு முன்மொழிவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்? முன்மொழிவு என்பது, இப்படி ஓர் அமர்வு வேண்டும் என்று மாநாட்டுக் குழுவிடம் எழுதிக் கேட்கும் ஒரு பக்கக் கடிதம். வேறொன்றும் இல்லை.

மாநாட்டுக் குழுவின் இடத்திலிருந்து பாருங்கள். அவர்களிடம் இருப்பது நாலைந்து அறை, இரண்டு நாள். அறையும் நேரமும் முறைத்தண்ணீர் மாதிரி. ஒரு மடையைத் திறந்தால் இன்னொன்றை அடைக்க வேண்டும். உங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் ஆறு கட்டுரைகளுக்கான நேரம் போகும். அதனால் அவர்களுக்குச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். இதற்கு ஆள் வருமா? அதே நேரத்தில் நடக்கும் வேறு அமர்வோடு மோதுமா? நடத்துகிறவர் நிஜமாகவே வந்து சேருவாரா? பேச்சு சண்டையாகவோ ஒருவரின் சொற்பொழிவாகவோ மாறினால் யார் சரிசெய்வார்?

இதில் ரொம்பக் கறாரான இடம் ஐஇடிஎஃப் என்ற அமைப்பு. இணையம் எந்த விதிகளின்படி இயங்க வேண்டும் என்பதற்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் குழு அது. 1986 முதல் கூடுகிறது. அங்கே ஒரு புதிய வேலையைத் தொடங்கலாமா என்று ஆராயவே பாஃப் அமர்வு வைக்கிறார்கள். கேட்டவுடன் கிடைக்காது. முதலில் அக்கறை உள்ளவர்கள் தங்களுக்குள் மடல் எழுதிப் பேசி, பிரச்சினை என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரே விஷயத்துக்கு வழக்கமாக இரண்டு தடவைக்கு மேல் அமர்வு கிடையாது. அதற்குள் தெளிவு வரவில்லை என்றால் அந்த விஷயம் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம். எப்படி ஒரு நல்ல பாஃப் நடத்துவது என்று 2009-இல் தனி ஆவணமே வெளியிட்டிருக்கிறார்கள். நம் கல்லூரி மாநாட்டுக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டாம். ஆனால் அறைக்குள் போகும் முன்பே பிரச்சினையைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும் என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

என் முதல் முன்மொழிவு

இந்த இடத்தில் என் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்தின் தெற்குப் பகுதியில், அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் கடலை நெருங்கும் ஊர்களில், நிலத்தில் உப்பு ஏறுவதைப் பற்றிக் களப்பணி செய்தேன். 2004 சுனாமியில் கடல்நீர் வயலுக்குள் வந்த பகுதி. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்ததும் அந்தப் பக்கம்தான். காவிரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை. ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வித்தாளை எடுத்தேன். நாலாவது கேள்வியில் அவர் என்னை நிறுத்தினார். “ஏம்மா, போன வருசமும் இதையேதான் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. அதுக்கு முந்தியும் ஒருத்தர் மண்ணை அள்ளிக்கிட்டுப் போனாரு. அதெல்லாம் என்ன ஆச்சு?”

“தெரியலைங்க ஐயா” என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அந்த வருடம் ஒரு மாநாட்டில் கூடிப் பேசும் அமர்வு கேட்டு எழுதினேன். தலைப்பு: ‘கடலோர டெல்டாவில் மண் உவர்ப்பு’. என் ஆய்வின் பின்னணி, நான் கண்டுபிடித்தது, என் பரிந்துரை என்று ஒரு பக்கம் நிரப்பி அனுப்பினேன். வந்த பதில் இரண்டே வரி. “இது நல்ல கட்டுரைச் சுருக்கம். கட்டுரைப் பிரிவுக்கு அனுப்புங்கள்.”

அன்றைக்கு வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் சொன்னது சரி. நான் விடையை எழுதியிருந்தேன். விடை தெரிந்துவிட்டால் அதைச் சொல்ல ஒரு மேடை போதும், பத்துப் பேர் கூடி உட்கார வேண்டிய அவசியம் இல்லை. இதைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான்: கட்டுரைக்கு உங்களிடம் இருக்கும் விடையைப் பார்க்கிறார்கள், கூடிப் பேசும் அமர்வுக்கு உங்களால் தனியாக விடை காண முடியாத கேள்வியைப் பார்க்கிறார்கள்.

பெரியவர் கேட்டாரே, அதுதான் அந்தக் கேள்வி. அதை நான் முன்மொழிவில் எழுதவே இல்லை.

மறு வருடம் வேறொரு மாநாட்டுக்கு இப்படி எழுதினேன்:

“நாகப்பட்டினம் மாவட்டக் கடைமடையில் நிலம் உவர்ப்பாவதைப் பற்றி மண்ணியல், நீரியல், சமூகவியல் என்று பல துறையினர் ஆய்வு செய்கிறோம். ஒரே ஊர்களுக்குப் போகிறோம். பல சமயம் ஒரே குடும்பங்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கிறோம். ஒருவர் சேகரித்த தகவல் மற்றவருக்குத் தெரிவதில்லை, அந்த ஊருக்கும் முடிவு திரும்பிப் போவதில்லை. தகவலை நமக்குள் எப்படிப் பகிர்ந்துகொள்வது, ஊருக்கு எப்படித் திருப்பிச் சொல்வது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் ஒரு மணி நேரம் பேச விரும்புகிறோம். கடலோர ஊர்களில் களப்பணி செய்தவர்கள், செய்யப்போகிறவர்கள் வரலாம். முடிவில், இந்த ஆண்டு யார் எந்த ஊரில் என்ன ஆய்வு செய்கிறார்கள் என்ற பட்டியல் ஒன்று தயாராகும்.”

இதில் என் ஆய்வு முடிவு ஒரு சொல்கூட இல்லை. பிரச்சினை இருக்கிறது, இரண்டு கேள்விகள் இருக்கின்றன, யாருக்கு என்று இருக்கிறது, என்ன கிடைக்கும் என்று இருக்கிறது. கீழே நடத்துகிறவர்களாக என் பெயரையும், வேறு கல்லூரியில் நீரியல் படித்த ஒருவரின் பெயரையும் போட்டிருந்தோம். இரண்டு நிறுவனத்தினர், இரண்டு துறையினர் சேர்ந்து கேட்டால் குழுவுக்கு நம்பிக்கை வரும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அமர்வு நடக்கும். அப்புறம், அறுபது நிமிடத்தை எப்படிப் பிரிப்போம் என்று மூன்று வரி. நாற்காலியை நகர்த்த முடிகிற அறை வேண்டும் என்று ஒரு வரி. இந்தத் தடவை அனுமதி கிடைத்தது.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மண் உவர்ப்பு’ என்று பொருளை மட்டும் வைத்தால் யாருக்கும் தனக்கென்று தோன்றாது. ‘ஒரே விவசாயியிடம் எத்தனை தடவை கேட்போம்?’ என்று வைத்தோம். களப்பணிக்குப் போன எவருக்கும் அது சுருக்கென்று பட்டிருக்கும்.

அறிவிப்பில் இப்படி ஒரு பிரிவே இல்லையே என்றால்? அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். மதிய உணவு நேரத்திலோ கடைசி அமர்வுக்குப் பிறகோ ஒரு அறையைக் கொடுப்பதில் பெரும்பாலும் யாருக்கும் தடை இருப்பதில்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

சுருக்கமாக: முன்மொழிவில் கேள்வியை எழுதுங்கள், விடையை எழுதாதீர்கள். யார் வர வேண்டும், முடிவில் கையில் என்ன இருக்கும், யார் பொறுப்பு என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் தாராளமாகப் போதும்.

அறைக்குள்

முதல் ஐந்து நிமிடம் ஏன் கூடினோம் என்று சொல்ல. அடுத்த பத்து நிமிடம் இரண்டு பேர் தங்கள் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்ல. கடைசிப் பத்து நிமிடம் என்ன முடிவானது என்று உரக்கப் படித்துச் சரிபார்க்க. நடுவில் இருப்பதெல்லாம் பேச்சுக்கு. ஸ்லைடு வேண்டாம். திரையில் வெளிச்சம் வந்ததும் எல்லோரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

நடத்துகிறவரை நெறியாளர் என்பார்கள். அவர் வேலை மடை திறப்பவர் வேலை. ஒருவர் பேச்சு நீண்டுகொண்டே போனால் மேல்மடையில் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். பக்குவமாக அடைத்து, மூலையில் பேசாமல் இருக்கும் மாணவர் பக்கம் திருப்ப வேண்டும். இது எளிதான வேலை இல்லை, முக்கியமாக அந்த நீளமாகப் பேசுபவர் உங்கள் துறைத்தலைவராக இருந்தால். அதற்கு ஒரு நல்ல வழி மீன்தொட்டி முறை. நடுவில் ஐந்து நாற்காலி, சுற்றிலும் மற்றவர்கள். நடுவில் இருப்பவர்கள் மட்டும் பேசலாம். அதில் ஒரு நாற்காலி எப்போதும் காலி. பேச விரும்புகிறவர் வந்து அதில் உட்காருவார், உடனே ஏற்கெனவே இருக்கும் ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும். பதவி பார்க்காமல் எல்லோரையும் எழுப்பிவிடும் முறை இது.

மொழியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கள் அமர்வில் “அவரவருக்கு வருகிற மொழியில் பேசலாம்” என்று தொடங்கினோம். அதன் பிறகுதான் களத்தில் மாதக்கணக்காக இருந்த மாணவர்கள் பேசினார்கள்.

தங்கள் ஆய்வில் நேர்ந்த தவறுகளைச் சொல்லச் சிலர் தயங்குவார்கள். அதற்கு, லண்டனில் உள்ள சாட்டம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தில் 1927 முதல் புழக்கத்தில் இருக்கும் சாட்டம் ஹவுஸ் விதி உதவும். இங்கே கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், ஆனால் சொன்னவர் யார், எந்த நிறுவனம் என்று சொல்லக் கூடாது. தொடக்கத்திலேயே இதை அறிவித்துவிட்டால் பேச்சில் உண்மை கூடும்.

முடிவை எப்படி அறிவது? கை தூக்கச் சொன்னால் பெரியவர்கள் கை எங்கே போகிறதோ அங்கேதான் சின்னவர்கள் கையும் போகும். ஐஇடிஎஃப்காரர்களிடம் இதற்கு அழகான வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒப்புக்கொள்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒலி எழுப்புவார்கள். யார் குரல் என்று தனியாகத் தெரியாது, அறையின் சுருதி மட்டும் தெரியும். எண்ணிக்கை பார்த்து முடிவு செய்வதில்லை. மறுப்பவர்களின் காரணத்தைக் கேட்டுப் பதில் சொல்லியாயிற்றா என்று பார்ப்பதற்கே இது.

அமர்வுக்குப் பிறகு

பெரும்பாலான அமர்வுகள் இங்கேதான் வீணாகின்றன. எல்லோரும் நன்றாகப் பேசினோம் என்று பிரிந்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் மறந்துபோகும். குறிப்பெடுக்க ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள், அது நெறியாளராக இருக்கக் கூடாது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத ஒரு தாளைச் சுற்றுக்கு விடுங்கள். இரண்டு நாளைக்குள் ஒரு பக்கக் குறிப்பை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

எங்கள் அமர்வுக்குப் பதினேழு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் அந்த ஒரே ஊருக்குப் போனவர்கள். மண்ணை அள்ளிக்கொண்டு போனவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவரிடம் மூன்று வருட உப்பு அளவுகள் இருந்தன. என்னிடம் எந்த வயலில் எந்த வருடம் என்ன விளைந்தது என்ற கணக்கு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் அதுவரை வாய்ப்பு வரவில்லை.

சம்பா அறுவடை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். கேள்வித்தாள் எடுத்துப் போகவில்லை. அவர் வயலின் கணக்கைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். வாய்க்கால் ஓரத்து வயலுக்கும் கிழக்கே உள்ள வயலுக்கும் உப்பு எவ்வளவு வித்தியாசம் என்ற வரி வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். “அதை இன்னொரு தரம் படிம்மா” என்றார்.